பிரதர்ஹுட் பார்த்தாச்சு, 27 வால்யூமும் வாங்கணுமா? – மங்கா, அனிமே கேள்வி-பதில்

கேள்வி: 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' என்ற பெயரில் இரண்டு அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இருக்கின்றன: 2003-இல் வந்தது ஒன்று, 2009-இல் வந்த 'பிரதர்ஹுட்' ஒன்று. மூல மங்காவோடு (ஜப்பானியக் காமிக்ஸ்) எது ஒத்துப்போகும்? நான் பிரதர்ஹுட் முழுக்கப் பார்த்துவிட்டேன். இனி 27 வால்யூமும் வாங்கினால் வீண்செலவா?

பதில்: ஒத்துப்போவது பிரதர்ஹுட்தான். ஹிரோமு அராகாவா இந்தக் கதையை 2001-இல் 'மன்த்லி ஷோனென் காங்கன்' இதழில் தொடங்கி 2010 ஜூனில் முடித்தார். மொத்தம் 108 அத்தியாயங்கள். போன்ஸ் ஸ்டூடியோவின் முதல் அனிமே 2003 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது மங்கா பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. அனிமேவுக்குத் தனி முடிவு இருக்கட்டும் என்று அராகாவாவே சொல்லிவிட்டதால், அந்தக் குழு 51 எபிசோடில் தன் வழியில் கதையை முடித்தது. பிரதர்ஹுட் 64 எபிசோடு. மங்கா முடிந்த அடுத்த மாதமே அதுவும் முடிந்தது.

கதையை உடைக்காமல் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டுமென்றால்: ஹோமுன்குலஸ்கள் (கதையில் வரும் செயற்கை மனிதர்கள்) எப்படி உருவாகிறார்கள் என்பதே இரண்டிலும் வேறு. பிரைட், ராத், ஸ்லாத் என்ற பெயர்கள் இரண்டிலும் உண்டு, ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் வேறு. ஷிங் நாட்டிலிருந்து வரும் லிங், லான் ஃபான், மே ஆகியோரும், பிரிக்ஸ் கோட்டையின் ஒலிவியே ஆம்ஸ்ட்ராங்கும் 2003 தொடரில் கிடையவே கிடையாது. இரண்டையும் கலந்து பார்த்துவிட்டு மங்காவைத் திறக்கிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வீண்செலவா என்ற கேள்விக்கு வருவோம். மொத்தமாக வாங்கினால் பாதி வீண். பொறுக்கி வாங்கினால் இல்லை.

பிரதர்ஹுட் தொடக்கத்தில் ஓடுகிறது. 2003 தொடரைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்ற நினைப்பில் எடுத்த மாதிரி இருக்கும். முதல் எபிசோடில் வரும் ஐசக் மக்டூகல் மங்காவில் இல்லாத ஆள். மங்காவின் முதல் வால்யூமில் நான்கு அத்தியாயங்கள்: முதல் இரண்டு லியோர் ஊர்க் கதை, மூன்றாவது யூஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம், நான்காவது ரயில் கடத்தல். கடைசி இரண்டையும் பிரதர்ஹுட் தாண்டிப் போய்விட்டது. சுரங்க அதிகாரி யோக்கி பின்னால் வரும்போது "இவன் யார்?" என்று நீங்கள் விழித்திருந்தால் காரணம் இதுதான். 2003 தொடரில் சுரங்கமும் ரயிலும் முறையாக உண்டு. சிறுமி நீனாவின் கதைக்கு அதில் இரண்டு எபிசோடு. பிரதர்ஹுட்டில் ஒன்றே ஒன்று. ராணுவ அதிகாரி ஹியூஸுக்கு நேரும் அந்தச் சம்பவம் மங்காவில் நான்காம் வால்யூமில் வருகிறது. 2003-இல் 25-ஆம் எபிசோடு, பிரதர்ஹுட்டில் 10-ஆம் எபிசோடு. 25 வாரம் பழகிய மனிதருக்கும் 10 வாரம் பழகியவருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். இந்த ஒரு விஷயத்தில் பழைய தொடர் ஜெயிக்கிறது.

அடுத்தது 15-ஆம் வால்யூம். இஷ்வால் போரின் முன்கதை ஏறக்குறைய புத்தகம் முழுக்கப் போகிறது: முஸ்டாங், ஹாக்ஐ, ஹியூஸ், மருத்துவர்களான ராக்பெல் தம்பதி, கிம்பிளி எல்லோரும் ஒரே களத்தில். பிரதர்ஹுட் இதை 30-ஆவது எபிசோடுக்குள் அடக்கிவிட்டது. முஸ்டாங் கூட்டம் ஏன் அவ்வளவு உறுதியாக மேலிடத்தை எதிர்க்கிறது என்பது மங்காவைப் படித்தால்தான் முழுதாகப் பிடிபடும்.

கடைசிப் போர்ப் பகுதி அப்படியல்ல. அங்கே பிரதர்ஹுட் மங்காவை ஒட்டியே போகிறது. வண்ணமும் இசையும் சேர்ந்து அனிமேதான் ஒரு படி மேலே நிற்கிறது. ஆகவே என் யோசனை: 1 முதல் 4 வரை, கூடவே 15. மொத்தம் ஐந்து புத்தகம். அராகாவாவின் கோடு பிடித்துப்போனால் மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம். தனி வால்யூம்களின் கடைசியில் நாலு கட்ட நகைச்சுவைத் துணுக்குகள் வரும். ஹொக்கைடோ பால்பண்ணையில் வளர்ந்தவர் என்பதால் அராகாவா தன்னைக் கண்ணாடி போட்ட பசுவாகத்தான் வரைந்துகொள்வார். அனிமே பார்த்தவர்களுக்குக் கிடைக்காத சமாச்சாரம் அது.

கேள்வி: அதே தொடருக்குத் தனி வால்யூம், மூன்று சேர்ந்த தடிப் புத்தகம், கெட்டி அட்டைப் பதிப்பு, பாக்ஸ் செட் என்று நாலு விதம் காட்டுகிறார்கள். எது லாபம்?

பதில்: நான்குமே விஸ் மீடியா பதிப்பகத்தின் ஆங்கிலப் பதிப்புகள், கதையும் ஒன்றுதான். தனி வால்யூம் 27. மூன்று சேர்ந்தது 9 புத்தகம். 'ஃபுல்மெட்டல் எடிஷன்' எனும் கெட்டி அட்டைப் பதிப்பு 18. பாக்ஸ் செட்டில் 27 தனி வால்யூமோடு ஒரு சிறு நாவலும் போஸ்டரும் வரும்.

விலையை ஒப்பிடும்போது புத்தக எண்ணிக்கையை வைத்து வகுக்காதீர்கள். 27-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்பது புத்தகத் தொகுப்பின் மொத்த விலையை 27-ஆல் வகுத்தால் ஒரு வால்யூமுக்கு என்ன விழுகிறது என்று தெரியும். பல நேரம் மூன்று சேர்ந்ததுதான் மலிவு. அதில் குறை ஒன்று உண்டு: ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கத்துக்கு மேல், அதனால் முதுகு தடிமன். இரண்டு பக்கம் விரிந்து வரும் சண்டைப் படங்களின் நடுப்பகுதி தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். விரித்துப் பார்க்கிறேன் என்று முதுகை அழுத்தினால் பசை விட்டுப் பக்கம் கழன்று வரும். படம் முக்கியம் என்பவர்களுக்குப் பெரிய அளவில், வண்ணப் பக்கங்களோடு, மொழிபெயர்ப்பைத் திருத்திப் போட்ட கெட்டி அட்டைப் பதிப்பு நல்லது. ஆனால் ஐந்து புத்தகம் மட்டும் என்று பொறுக்கி வாங்க அது தோதுப்படாது. வால்யூம் பிரிப்பே வேறு, அதன் 15-ஆம் புத்தகத்தில் இஷ்வால் இருக்காது.

பாக்ஸ் செட் கனமான பொட்டலம். அதன் மூலைகள் கூரியரில் நசுங்குவது வழக்கமான புகார். வெறும் பிளாஸ்டிக் உறையில் அனுப்புகிற விற்பனையாளரிடம் அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு வால்யூம் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரிஜினலா, போலியா? வந்தபின் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்த விலைக்குப் புதுப் புத்தகம் என்றால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம் என்று சொல்லி விற்றால் வேறு கதை.

பார்கோடு இருக்கிறது, ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். ஒரிஜினல் அட்டையை ஸ்கேன் செய்துதான் போலி அடிக்கிறார்கள். அதோடு பார்கோடும் வந்துவிடும். அதில் பார்க்க வேண்டியது வேறு. பெரிய பார்கோடுக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கச் சின்ன பார்கோடு இருக்கும். 5-இல் தொடங்கினால் அது அமெரிக்க டாலர் விலை: 50999 என்றால் 9.99 டாலர். அந்த எண்ணும் அட்டையில் அச்சிட்ட டாலர் விலையும் பொருந்த வேண்டும். அட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன்னும் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வால்யூமின் பக்கத்தை ஒட்டி அடித்த போலிகள் இங்கே மாட்டும்.

உறுதியான சோதனை உள்பக்கச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மங்காவில் நிழல், சட்டை, வானம் எல்லாம் குட்டிக் குட்டிக் கறுப்புப் புள்ளிகளால் ஆனவை. போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரிஜினலில் புள்ளிகள் தனித்தனியே, ஒழுங்காக நிற்கும். போலியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருக்கும், அல்லது கட்டம் கட்டமாக அலை ஓடும். ஸ்கேனரின் கோடுகளும் படத்தின் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று மோதுவதால் வருகிற அலை அது. நல்ல தாள் போட்டாலும் மறைக்க முடியாது. உள் ஓரத்தில் வசனம் வெட்டுப்பட்டிருப்பதும், முதுகெழுத்து பக்கத்து வால்யூமோடு ஒரே வரிசையில் நிற்காததும் கூடுதல் அடையாளங்கள். தாள் பழுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரிஜினல் மங்காத் தாள் பெரும்பாலும் அப்படித்தான், வெளுத்த ஜெராக்ஸ் தாள்தான் சந்தேகத்துக்குரியது.

போலி என்று தெரிந்தால், பிரித்த வீடியோ, புள்ளிகளின் படம், பில் மூன்றையும் வைத்துத் திருப்பி அனுப்பக் கேளுங்கள். போலிப் பொருளையோ விவரத்தோடு பொருந்தாத பொருளையோ திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: 'பிராமிஸ்ட் நெவர்லாண்ட்' முதல் சீசன் அருமை, இரண்டாவது ஏமாற்றம். மங்காவை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஐந்தாம் வால்யூமிலிருந்து. முதல் சீசனின் 12 எபிசோடு 37-ஆவது அத்தியாயத்தோடு முடிகிறது. அது ஐந்தாம் வால்யூமின் தொடக்கப் பகுதி. அங்கிருந்து 20 வரை 16 புத்தகம். 2021-இல் வந்த இரண்டாம் சீசன் மிச்சம் மொத்தத்தையும் 11 எபிசோடில் திணித்தது. கோல்டி பாண்ட் பகுதி முழுக்கப் போய்விட்டது, அதோடு யூகோ என்ற முக்கியப் பாத்திரமும். கடைசி எபிசோடில் அத்தியாயக் கணக்கான கதையை அசையாத படங்களாக ஓட்டிக் காட்டினார்கள். அந்த சீசனைப் பார்க்காதது போலவே பாவித்துப் படியுங்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்ற கவலை வேண்டாம், போகிற வழி வேறு.

முதல் நான்கையும் வாங்கலாமா என்றால், அவசியமில்லை. எம்மாவும் ரேயும் நார்மனும் மனதுக்குள் போடும் கணக்கு மங்காவில் எழுத்தாக இருக்கும். அனிமே அதைப் பார்வையாலும் மௌனத்தாலும் காட்டியது. இரண்டுமே நன்றாக இருக்கும்.

கேள்வி: 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். அடுத்த படம் வரை பொறுமை இல்லை. எந்த வால்யூம்?

பதில்: கதை தொடர்வது 18-ஆம் வால்யூமின் நடுவிலிருந்து. ஆனால் 16-இலிருந்து 23 வரை எட்டாக வாங்குங்கள். கோட்டைச் சண்டை தொடங்குவது 16-இல்தான், பாதியில் நுழைந்தால் யார் எந்த அறையில் யாரோடு மோதுகிறார்கள் என்பது பிடிபடாது. ஒன்று மட்டும் முன்கூட்டியே: யூஃபோடேபிள் ஸ்டூடியோ கதையை மாற்றவில்லை, சண்டையை நீட்டி அழகுபடுத்தியிருக்கிறது. திரையில் பல நிமிடம் ஓடும் மோதல் தாளில் சில பக்கத்தில் முடிந்துவிடும். கொயோஹரு கொதோகேயின் கோடு கரடுமுரடானது. படத்தின் பளபளப்பை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதல் 15-ஐ வாங்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 'நருட்டோ' 720 எபிசோடு பார்க்க நேரமில்லை. மங்கா போதுமா?

பதில்: போதும். 72 வால்யூம், 700 அத்தியாயம், ஃபில்லர் (இடத்தை நிரப்பச் சேர்க்கும் கதை) கிடையாது. அனிமேதான் வேண்டும் என்றால் முதல் தொடரின் 135-ஆவது எபிசோடோடு நிறுத்திவிட்டு அதன் தொடர்ச்சியான 'ஷிப்புடென்' போய்விடுங்கள். 136 முதல் 220 வரை ஏறக்குறைய முழுக்க மங்காவில் இல்லாத இட்டுக்கட்டல். ஷிப்புடெனுக்குரிய கதை மங்காவில் 28-ஆம் வால்யூமில் தொடங்குகிறது. 27-இல் ககாஷியின் இளமைக் கதை இருக்கிறது, அதைத் தாண்டிவிட வேண்டாம். அனிமேவில் அது ஷிப்புடெனின் 119, 120-ஆவது எபிசோடுகளில்தான் வருகிறது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அனிமே ப்ளூ-ரே வரவழைக்கலாமா?

பதில்: முதலில் டிஸ்க்கின் பின்னட்டையில் மண்டல எழுத்தைப் பாருங்கள். ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. மண்டலப் பூட்டு உள்ள ஏ டிஸ்க் இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. பூட்டில்லாத டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஏ, பி, சி மூன்றும் அச்சாகியிருக்கும். டிவிடி என்றால் எண்கள்: அமெரிக்கா 1, ஜப்பான் 2, இந்தியா 5. ஜப்பானியப் பதிப்பில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில்கூட இருக்காது. விற்பனைப் பக்கத்தில் சப்டைட்டில் வரியைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.