பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் உண்டு: பிள்ளையை அனுப்புவதா, மறிப்பதா?

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஆறு வயது, முதலாம் வகுப்பு, பள்ளி பஸ்ஸில் போய்வருகிறான். "காலை ஆறு மணிக்கு, இன்று பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று செய்தி வருகிறது. கணவர் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடுபவர், அன்றைக்கு வீட்டில் இருக்கமாட்டார். நான் ஏழரைக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். ரோட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மாமி வீட்டில் இருக்கிறா, ஒரு நாள் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடுமோ என்கிறா. ஸ்னோ கொட்டுகிற நாளில் ஏன் இவர்கள் ஒரேயடியாகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதில்லை? நான் அவனை அனுப்பலாமா?"

தங்கச்சி, இருபது வருடத்துக்கு மேல் இந்த நகரத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் நான். இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூட வாசலிலும் தொலைபேசியிலும் எத்தனையோ தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கொட்டுவது வெறும் ஸ்னோ, காலையும் பின்னேரமும் கூட்டிப்போய்க் கூட்டிவர ஒருவர் நிச்சயமாக உண்டு என்றால் அனுப்புங்கள். உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே ஐஸாகிற மழை, என்றால் மறியுங்கள். பின்னேரம் யார் கூட்டிவருவது என்று தெரியாவிட்டாலும் மறியுங்கள்.

பின்னேரத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிறையப் பேர் தவறுகிற இடம் அதுதான். காலையில் ரத்தான பஸ் மாலையிலும் ஓடாது. பகலில் வெயில் எறித்து ரோட்டெல்லாம் கறுப்பாகத் தெரிந்தாலும் ஓடாது. ஒரு வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தகப்பன் காலையில் இறக்கிவிட்டுப் போனார். மூன்றரைக்குப் பஸ்ஸில் வந்துவிடுவாள் என்று அவர் நினைத்திருந்தார். ஐந்து மணி வரை அவள் அலுவலக வாங்கில் தொப்பியும் பூட்ஸும் போட்டபடியே இருந்தாள். கழற்றச் சொன்னால் மாட்டேன் என்றாள். அப்பா வந்தவுடன் ஓட வேண்டுமாம். அந்த மனிதர் வந்து சேர்ந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் மீது பிழை இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஏன் பூட்டுவதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே முடிவுகள் இரண்டு, எடுப்பவர்களும் வேறு வேறு. பஸ் ஓடுமா என்பதைப் போக்குவரத்தைக் கவனிக்கிற பிரிவு விடியப்புறத்திலேயே ரோட்டைப் பார்த்து, பஸ் கம்பெனிகளோடு கதைத்துத் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூடத்தையே பூட்டுவது கல்விச் சபையின் கையில். எங்கள் ஒன்ராறியோ மாகாணக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் கொடுக்கிறது: மோசமான காலநிலை, வெள்ளம், தீ, ஹீற்றர் பழுது, போக்குவரத்து முடக்கம் போன்றவற்றால் தவிர்க்க முடியாது என்றால் தற்காலிகமாகப் பூட்டலாம்.

ஆனால் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை அந்த அதிகாரத்தை எடுத்ததற்கெல்லாம் பயன்படுத்துவதில்லை. 2011 பெப்ரவரி 2ஆம் தேதி எல்லாப் பள்ளிகளையும் பூட்டியது. அடுத்த தடவை 2019 பெப்ரவரி 12. அதற்கிடையில் எட்டு வருடம். பிறகு 2022 ஜனவரி 17. கொரோனாவின் ஒமிக்ரோன் அலைக் காலத்து வீட்டு வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய அதே நாளில் சில இடங்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாளும் பூட்டித்தான் இருந்தது.

இது அவர்களுடைய பிடிவாதம் என்று நானும் இளமையில் நினைத்தேன். வகுப்பறையில் நின்று பார்த்த பிறகு நினைப்பு மாறியது. ரொறன்ரோவில் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் சிறுபான்மை. நிறையப் பேர் நடந்து வருபவர்கள். பஸ் இல்லாத ஒரு நாள் என் வகுப்பின் 22 பேரில் 7 பேர்தான் வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் அக்காவின் கையைப் பிடித்து நடந்து வந்தான். அம்மா ஐந்தரைக்கே துப்புரவு வேலைக்குப் போய்விட்டா. காலில் பூட்ஸ் இல்லை, ஓடுகிற சப்பாத்துதான், உள்ளே காலுறை பிழிந்தால் தண்ணீர். ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காரவைத்தோம். காலைச் சாப்பாட்டுத் திட்டத்தில் கொடுத்த சீரியலை இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அன்றைக்குப் பூட்டியிருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியே இருந்திருப்பார்கள். வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்குப் பூட்டு ஒரு லீவு நாள். இல்லாதவர்களுக்கு அது பெரிய ஆபத்து. ஆகவே சாதாரண ஸ்னோவுக்குத் திறந்தே வைத்திருப்பது சரி என்பதுதான் என் முடிவு.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூட்டவேண்டிய நாளில் தயங்கித் தயங்கித் திறந்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளின் கணக்கை வைத்து ஜோஷுவா குட்மன் என்ற பொருளியலாளர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பள்ளி முழுதாகப் பூட்டிய நாட்களால் பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகள் குறையவில்லை. பள்ளி திறந்திருந்தும் பிள்ளைகள் வராமல் விட்ட நாட்களால்தான், முக்கியமாகக் கணிதத்தில், குறைந்தன. எனக்கு இது புதினமாக இருக்கவில்லை. எல்லோரும் வராத நாள் என்றால் ஆசிரியர் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பாதிப் பேர் வந்தால், வந்தவர்களுக்குப் புதிய பாடம் எடுக்கவும் முடியாது, எடுக்காமல் விடவும் முடியாது. அன்றைக்கு அந்த ஏழு பேருக்கும் நான் எடுத்தது கதைப் புத்தகம், களிமண், கொஞ்சம் பாட்டு. மேரிலாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு பூட்டு நாட்கள் கூடினால் சோதனைப் புள்ளி குறைகிறது என்றும், சின்ன வகுப்புகளில் அது கூட என்றும் சொல்கிறது. எனவே, அடிக்கடி பூட்டினால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால், பெரிய புயலோ உறைமழையோ வருகிறது என்று காலநிலைத் திணைக்களம் முதல் நாளே எச்சரித்துவிட்டால், முதல் நாள் இரவே பூட்டு என்று அறிவிக்க வேண்டும். காலை ஆறு மணி உங்களைப் போன்றவர்களுக்குப் பிந்திவிட்டது. ஏழரை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கு மாற்று ஒழுங்கு செய் என்பது கொடுமை. முதல் நாள் இரவு சொல்லிவிட்டு அடுத்த நாள் வெயில் எறித்தால் சனம் ஏசும்தான். ஏசட்டும். சபைக் கூட்டங்களில் பெற்றோர் எழும்பிக் கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, உங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். ஜன்னலால் எட்டிப் பார்த்து எவ்வளவு உயரம் கொட்டியிருக்கிறது என்று அளக்க வேண்டாம். 15 சென்ரிமீற்றர் ஸ்னோவை வழிக்கும் வண்டி வந்து வழித்துவிடும். கால் புதையும், வழுக்குவது குறைவு. உறைமழை அப்படியல்ல. மேலே சூடான காற்றுப் படை, தரையோடு சுழியத்துக்குக் கீழான குளிர். மேலே தண்ணீராக வருவது கீழே எதைத் தொட்டாலும் கண்ணாடியாகிறது. இரண்டு, மூன்று மில்லிமீற்றரே போதும். ரோடு வெறும் ஈரம் போலத்தான் தெரியும். 2013 டிசம்பரில் இந்த நகரத்தில் மூன்று லட்சம் மின் இணைப்புகளை இருட்டாக்கியது அந்த மழைதான். அது நத்தார் விடுமுறை நாட்களில் வந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். அதோடு, மைனஸ் பத்து, பன்னிரண்டுக்குக் கீழே போனால் ரோட்டில் போடுகிற உப்பும் சரியாக வேலை செய்யாது. வாசல் படியில் ஒரு காலை வைத்துப் பாருங்கள். கைபிடியைப் பிடிக்காமல் இறங்க முடியவில்லையென்றால் அன்றைக்கு மாமி சொல்வதுதான் சரி.

காரில் கொண்டுபோய் விடுவதென்றால் மூன்று விடயம். கார் ரயர்களை மாற்றியிருக்கிறீர்களா? பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிப் பிடி குறைந்துவிடும். போட்டிருந்தால் காப்புறுதியிலும் கொஞ்சம் குறைப்பார்கள், கேளுங்கள்.

இரண்டாவது, காரைச் சூடாக்குவதற்கு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். ஸ்னோ மூடியிருந்தால் கையால் தோண்டி எடுத்துவிட்டுத்தான் ஸ்ராற் பண்ண வேண்டும். அடைபட்டால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பிள்ளையைக் குளிரில் நிறுத்தக்கூடாது என்று முதலில் காருக்குள் ஏற்றிவிட்டு வெளியே நின்று ஸ்னோ தட்டுகிறோமே, அந்தப் பத்து நிமிடம்தான் பயங்கரம்.

மூன்றாவதைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். தடித்த ஜக்கெட்டோடு பிள்ளைக்குச் சீற் பெல்ற் போடாதீர்கள். ஜக்கெட்டின் பஞ்சு இறுக்கம் போலக் காட்டும். மோதினால் அந்தப் பஞ்சு நசுங்கி, பெல்றுக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: ஜக்கெட்டோடு பெல்றை இறுக்குங்கள், அளவை மாற்றாமல் கழற்றிவிட்டு ஜக்கெட் இல்லாமல் திரும்ப மாட்டுங்கள். எவ்வளவு தொளதொளப்பு என்று கண்ணால் காண்பீர்கள். ஜக்கெட்டைக் கழற்றி, பெல்ற் போட்டு, ஜக்கெட்டை மேலே போர்வையாகப் போட்டுவிடுங்கள்.

நடத்திக் கூட்டிப்போவதென்றால் குளிர்காற்றின் அளவைப் பாருங்கள். காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்திருக்கிற தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். விரல் விரலாக உள்ள கையுறையை விட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற கையுறை சூடு. நீளமான ஸ்கார்ஃப் விளையாட்டுச் சறுக்குகளில் சிக்கும், கழுத்தில் மாட்டுகிற துணிக் குழாய் நல்லது. பைக்குள் ஒரு சோடி காலுறை கட்டாயம் வையுங்கள்.

எல்லோரும் புயல் நாளைத்தான் நினைப்பார்கள். நான் பயப்படுவது அடுத்த நாளுக்கு. வழித்த ஸ்னோ ரோட்டோரத்தில் மதில் போலக் குவிந்திருக்கும். ஆறு வயதுப் பிள்ளை அதற்குப் பின்னால் நின்றால் சாரதிக்குத் தொப்பியின் குஞ்சம் கூடத் தெரியாது. அந்தக் குவியலில் ஏறி விளையாடவும் குகை தோண்டவும் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ரோட்டோரக் குவியலில் ஒருபோதும் விடாதீர்கள். வழிக்கும் வண்டிக்காரருக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியவே தெரியாது. வீட்டுக்குப் பின்வளவில் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும்.

மறித்தால் சட்டப் பிரச்சினை வருமோ என்ற பயம் வேண்டாம். நோய் அல்லது தவிர்க்க முடியாத காரணம் என்றால் வராமல் விடுவதை அதே கல்விச் சட்டம் ஏற்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால் பிள்ளை வழியில் எங்கோ நிற்கிறானோ என்று அலுவலகத்தில் தேடத் தொடங்குவார்கள். புயல் நாளில் இருக்கிற ஒன்றிரண்டு பேரும் அதிலேயே நின்றுவிடுவார்கள்.

உங்கள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர் பலருக்கு இது தெரியாது. ஒன்ராறியோ வேலைச் சட்டப்படி, இரண்டு வாரமாவது வேலை செய்தவருக்கு வருடத்தில் 3 நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாத அவசரம் அதற்குப் போதுமான காரணம். சம்பளம் வராது, ஆனால் அதற்காக உங்களை நிறுத்தவோ தண்டிக்கவோ முடியாது. விடுப்பு எடுக்க முன் கங்காணிக்குச் சொல்லிவிடுங்கள், செய்தியாக அனுப்பினால் கையில் சாட்சி இருக்கும். உங்கள் கணவர் எல்லை கடந்து ஓடுகிற கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர் என்றால் அவருக்கு மத்திய அரசின் தொழிற்சட்டம். அதில் வருடம் 5 நாள் சொந்த விடுப்பு, மூன்று மாதம் வேலை செய்திருந்தால் முதல் 3 நாளுக்குச் சம்பளமும் உண்டு. புயல் வருகிறது என்று முதல் நாளே தெரிகிறபோது அவர் ஊரில் நின்றால், உங்கள் சம்பளத்தை வெட்டுவதை விட அவர் நிற்பது லாபம்.

மாமி வீட்டில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். அதனால் மறிக்க வேண்டிய நாளில் மனம் உறுத்தாமல் மறியுங்கள். அவவிடம் ஒரு சின்ன வேலையும் கொடுங்கள்: மதியத்துக்கு முன் அவனோடு இருந்து ஒரு தமிழ்க் கதை வாசிக்கச் சொல்லுங்கள். அனுப்புகிற நாளுக்காக, உங்கள் தெருவில் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிற இன்னொரு வீட்டோடு இப்போதே கதைத்து வையுங்கள். காலையில் ஒருவர், பின்னேரம் மற்றவர் என்று. கூட்டிவர அனுமதி உள்ளவர்கள் என்று அவர்களுடைய பெயரையும் நம்பரையும் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம், எவ்வளவு தெரிந்தவர் என்றாலும், நாங்கள் பிள்ளையை விடமாட்டோம்.