தொடர்மாடி அறையில் பாட்டுப் பதிவு: முதலில் ஹெட்போனா, ஸ்பீக்கரா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. பத்தடிக்குப் பத்தடி அறையில் பாட்டும் மிருதங்கமும் பதிவு செய்து, ஒலிகளைச் சேர்த்துச் சமப்படுத்தி நானே மிக்ஸ் பண்ணுகிறேன். கையிலுள்ள காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம். ஹெட்போனா, ஸ்பீக்கரா?

பதில்: ஹெட்போன். அதுவும் பின்புறம் அடைத்து, காதை முழுதாக மூடும் வகை. பாடும்போது ஹெட்போனிலிருந்து தாளம் கசிந்தால் மைக் அதையும் பிடித்துவிடும். அப்புறம் சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சென்ஹைசர் எச்டி 600 போன்ற, பின்புறம் திறந்த வகை மிக்ஸிங்குக்கு அருமையானது, ஆனால் பதிவுக்கு உதவாது.

சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 புரோ இரண்டுமே இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். என்னைக் கேட்டால் டிடி 770. அதன் காதுறை துணி போன்றது, கழற்றி மாற்றலாம். தோல்மாதிரி உறைகள் நம் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் சீக்கிரம் உரியும். 32, 80, 250 ஓம் (மின்தடை அளவு) என்று வருகிறது. சின்ன இன்டர்ஃபேசில் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) 250க்குச் சத்தம் போதாமல் போகலாம், 80 எடுங்கள். புளூடூத் வேண்டவே வேண்டாம். ஒலி பிந்தி வரும், தாளம் தவறும்.

ஸ்பீக்கரைத் தள்ளிப்போடச் சொல்வது உங்கள் அறையால்தான். பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் அடித்தொனி (ஆழமான தாழ்ந்த ஒலி) தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே அதிர்வெண், தொல்லை இரட்டிப்பு. அறையின் நடுவில் அந்த அடித்தொனி காணாமல் போகும், சுவரோரம் வீங்கும். நடுவில் இருந்து மிக்ஸ் பண்ணினால் அடித்தொனி போதவில்லையென்று மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடப்பக்க ஒலியை, கூட்டுவீர்கள். மற்றவர் வீட்டில் அது குமுறும். சுவரில் ஓரங்குல ஸ்பொஞ்ச் ஒட்டினால் எதிரொலி குறையும், இந்த அடித்தொனி அசையாது.

ஹெட்போனுக்கும் ஒரு குறை உண்டு. ஸ்பீக்கரில் இரண்டு பக்க ஒலியும் இரண்டு காதுக்கும் போகும். ஹெட்போனில் இடது இடக்காதுக்கு மட்டும்தான். அதனால் இடவலப் பரப்பு உண்மையைவிட அகலமாகத் தெரியும். முடித்ததும் கைபேசி ஸ்பீக்கரிலும் காரிலும் போட்டுக் கேட்டுத் திருத்துங்கள். நீங்கள் மதிக்கும் கச்சேரிப் பதிவொன்றையும் அதே ஹெட்போனில் அடிக்கடி கேளுங்கள், காது பழகும்.

பிறகு காசு சேரும்போது யமஹா எச்எஸ்5 அளவில், ஐந்து அங்குல ஸ்பீக்கர் சோடி போதும். மூலையில் வைக்காதீர்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக, டுவீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில் இருக்கட்டும். நாற்காலியை மட்டும் அறையின் நட்டநடுவிலிருந்து ஓரிரண்டு அடி தள்ளிப் போடுங்கள்.