கட்டுக் கேரட்டும் கணக்கு நோட்டும்: பிள்ளைகளுக்கு வணிகம் சொல்லித்தருவது பற்றிய கேள்வி பதில்

குன்னூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோரும் மாணவர்களும் அனுப்பியிருந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (கேத்தி, ஒரு தாய்): என் மாமியார் ஊட்டி சாலையோரத்தில் கேரட் விற்கிறார். ஒன்பது வயது மகள் விடுமுறையில் அவருடன் உட்காருகிறாள். லாபம் என்றால் என்னவென்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: வேறெங்கும் போக வேண்டாம் அம்மா, அந்தக் கடையே போதும். பத்துக் கிலோ கேரட்டைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி, கால் கிலோ வீதம் நாற்பது கட்டுகளாகக் கட்டி, ஒரு கட்டு 20 ரூபாய் என்று 32 கட்டுகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். கல்லாவில் 640 ரூபாய் இருக்கும். குழந்தை அதையே லாபம் என்பாள். சரக்கின் விலையான 400 ரூபாயைக் கழிக்கச் சொன்னால் 240 என்பாள். வண்டிக்கூலி 50, சணல் 10 ஆகியவற்றையும் அவளையே எழுதவைத்தால் மிஞ்சுவது 180. பாட்டி ஐந்து மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தால் மணிக்கு 36 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது என்பதையும் அவளே வகுத்துப் பார்க்கட்டும். பாட்டியின் உழைப்பையும் செலவாக எழுதினால் லாபம் என்று ஏதாவது மிஞ்சுமா என்ற கேள்வியை அவளிடமே விட்டுவிடுங்கள். பெரியவர்கள் பலரே அந்த வரியை எழுதுவதில்லை.

இதைவிட நல்ல பாடம் மாலையில் வாடத் தொடங்கும் அந்த எட்டுக் கட்டுகளில் இருக்கிறது. சரக்கும் செலவும் சேர்ந்த 460 ரூபாயை நாற்பதால் வகுத்தால் ஒரு கட்டின் அடக்கம் பதினொன்றரை ரூபாய் என்பதால், 10 ரூபாய்க்குக் கொடுப்பது நஷ்டம் என்று குழந்தை வாதிடுவாள். கொடுக்காவிட்டால் கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். போட்ட பணம் போட்டதுதான். இப்போது முடிவு செய்ய வேண்டியது 80 ரூபாயா, வாடிய கேரட்டா என்பதை மட்டுமே. ஆனால் தினமும் மாலையில் விலை குறையும் என்று தெரிந்துவிட்டால் வாடிக்கையாளர்கள் மாலையில்தான் வருவார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, எட்டாம் வகுப்பு மாணவன்): பாட்டியின் கேரட்டுக்குப் பாட்டி விலை வைக்கிறார். எங்கள் பசுந்தேயிலைக்கு மட்டும் நாங்கள் ஏன் விலை வைக்க முடிவதில்லை?

பதில்: அருமையான கேள்வி, தம்பி. பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். வைத்திருக்க முடியாத சரக்கை விற்பவனால் பேரம் பேச முடியாது. ஏறக்குறைய நான்கரைக் கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது; அந்தத் தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ அதை அடிப்படையாகக் கொண்டுதான் இலைக்கு விலை அமைகிறது. ஒரே மாதிரியான சரக்கை ஆயிரக்கணக்கானவர்கள் கொண்டுவரும்போது விலை ஏலத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. உங்கள் தோட்டத்திலிருந்து மேலே ஏறிப் போவதில்லை. பக்கத்துக் காட்டில் பூண்டு போட்டவரைக் கவனித்துப் பார். அவர் அதைக் காயவைத்துப் பரணில் கட்டித் தொங்கவிட்டு, மேட்டுப்பாளையம் மண்டியின் விலையை விசாரித்த பிறகு இறக்குகிறார். காத்திருக்க முடிவதே அவருக்கு ஒரு மூலதனம்தான். என்றாலும் காத்திருக்கும்போது பூண்டு எடை குறையும், விலையும் விழக்கூடும். அந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்.

கேள்வி (ஊட்டி, பதினோராம் வகுப்பு மாணவி): சீசனுக்கு வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கலாம் என்று நானும் தோழியும் நினைக்கிறோம். மாமாவிடம் கடன் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் மாமா என்றாலும் தொகை, வட்டி, திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆகவே அந்தத் தாள் நீதிமன்றத்துக்காக அல்ல, உங்கள் ஒழுங்குக்காக. தோழியுடன் பங்கு எப்படி என்பதையும் முதல் கட்டியை உருக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு பங்கு பேசிப் பிரிந்த நண்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல், மே மாதக் கூட்டத்தை நம்பி இயந்திரம் எதுவும் வாங்காதீர்கள். ஜூனில் மழை இறங்கியதும் வாங்குபவர்கள் மலையிறங்கிவிடுவார்கள், தவணை மட்டும் தங்கிவிடும். பாத்திரமும் அச்சும் போதும். இங்கே பிளாஸ்டிக் உறைக்குத் தடை உள்ளதால் காகிதப் பெட்டியின் விலையை அடக்கத்தில் சேருங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தேவை. அதைப் பெற்றோரில் ஒருவர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கூடலூர், ஒரு தந்தை): பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தால் குழந்தைத் தொழிலாளர் என்று ஆகிவிடாதா? வங்கிக் கணக்கு தொடங்க வயது என்ன?

பதில்: 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம், மருந்தடிக்கும் வேலைக்கு அனுப்பவே கூடாது. பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது.

கேள்வி (குந்தா, ஒரு தாய்): மகன் பள்ளி விழாவில் போட்ட கடையில் 300 ரூபாய் நஷ்டம். அந்தப் பணத்தை நான் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் பதினாறு வயதில் இதே கதி நேர்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பெட்டி பிளம்ஸ் பழத்தைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். பிற்பகல் மழை கொட்டியது, ஆள் நடமாட்டமே இல்லை. ஒன்றரைப் பெட்டியுடன் வீடு திரும்பினேன். என் தாயார் கடனை அடைக்கவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். என்னிடம் நோட்டே இல்லை. பெட்டிக்கான வாடகையை நான் கணக்கில் கொள்ளவே இல்லை என்பது அன்றிரவு அடுப்படியில் உட்கார்ந்து எழுதியபோதுதான் தெரிந்தது. மழையே பெய்திருக்காவிட்டாலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. மிச்சப் பழத்தை அவர் ஜாம் காய்ச்சினார், சர்க்கரைக்கான காசையும் என் பற்றில் எழுதிவிட்டு.