இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கரைகிறது: எடுத்துவிட வேண்டுமா?

எனக்கு 54 வயது, சர்க்கரை நோய் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் கீழ் வலது கடைவாயில் போன பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் ஸ்க்ரூ போலத் திருகி வைக்கும் செயற்கை வேர்) வைத்துக் கேப் போட்டேன். வலி இல்லை, நன்றாக மெல்ல முடிகிறது. பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் கசியும். போன வாரம் வேறு பல்லுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, "எலும்பு கரைந்து மூன்று மரை வெளியே தெரிகிறது, எடுத்துவிடலாம்" என்றார் மருத்துவர். வலியே இல்லாததை எதற்கு எடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி

எடுக்கும் முடிவுக்கு உடனே போக வேண்டாம். ஆனால் வலி இல்லை என்ற தைரியத்தில் தள்ளியும் போடாதீர்கள். இம்ப்ளான்ட் விஷயத்தில் வலியை நம்பி ஏமாந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. சோற்றில் சின்னக் கல் கடிபட்டாலும் சுரீரென்று தெரிவது அதனால்தான். பல் கெட்டால் ஆடிக் காட்டுவதும் அது தளர்வதால்தான். இம்ப்ளான்ட்டில் அந்தப் படலம் கிடையாது. டைட்டானியம் நேராக எலும்போடு சேர்ந்துவிடுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ப்ரோனெமார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்தியபோது நம்பியது இந்தப் பிடிப்பைத்தான். அதன் மறுபக்கம்தான் உங்கள் பிரச்சினை: மேலே பாதி எலும்பு போனாலும் அடியில் இருக்கும் மீதி எலும்பு இம்ப்ளான்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நன்றாக மெல்ல முடிகிறது என்பது எலும்பு நலமாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

சரி, மூன்று மரை என்றால் எவ்வளவு? கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்றாலும், தோராயமாக 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அது எப்போது கரைந்தது என்பது. இம்ப்ளான்ட் வைத்த முதல் ஆண்டில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது ஒன்று, ஒன்றரை மி.மீ. வரை இறங்குவது உண்டு. அதன்பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆகவே கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயைத் தேடிப் பிடியுங்கள். இம்ப்ளான்ட் வைத்த இடத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அன்றே எலும்பு இந்த மட்டத்தில் இருந்திருந்தால் கதை வேறு. அன்று மேலே இருந்து இன்று இறங்கியிருந்தால், அதோடு ரத்தமும் கசிந்தால், நோய் நடந்துகொண்டிருக்கிறது. கூடவே இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேப்பைக் கழற்ற வேண்டி வந்தால் எந்த ஸ்க்ரூடிரைவர் பொருந்தும் என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

அப்புறம், ஈறுக்குள் மெல்லிய அளவுகோல் விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே கிடைக்காமல் போனால், 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், தொட்டதும் ரத்தம் அல்லது சீழ், 3 மி.மீ.யாவது எலும்பு இறக்கம், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்வோம். எலும்பு இறங்காமல் ரத்தம் மட்டும் வந்தால் அது ஈறு அழற்சி. நன்றாகச் சுத்தம் செய்தால் அடங்கிவிடும்.

காரணத்தையும் தேட வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்கு இதே கடைவாய்ப் பல்தான். மூன்று முறை கிளீனிங் செய்தும் சீழ் நிற்கவில்லை. ஈறை விலக்கிப் பார்த்தபோது கேப்பின் நாக்குப் பக்க ஓரத்தில், அதை ஒட்டப் பயன்படுத்திய சிமென்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், கடுகளவுதான். அதைச் சுற்றிக் கிருமி கூடு கட்டியிருந்தது. உங்கள் கேப் சிமென்ட்டால் ஒட்டியதா, திருகியதா என்று கேளுங்கள். முதலில் அந்தப் பல் எதனால் போனது என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். ஈறு நோயால் ஆடி விழுந்த பல் என்றால், அதே நோய் இம்ப்ளான்ட்டையும் தாக்கும் வாய்ப்பு அதிகம். மூன்று மாத சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு போங்கள். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்தச் சிகிச்சையும் சரியாக ஆறாது.

சிகிச்சை சுத்தத்தில்தான் தொடங்கும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் போட்டு விட்டுவிடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மரைகளின் சொரசொரப்பில் ஒட்டிய கிருமிப் படலம் மாத்திரைக்குப் போகாது. சுத்தம் செய்து 6 முதல் 12 வாரத்தில் மறுபடி ஆழம் பார்ப்போம். குறையவில்லை என்றால் ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். எலும்பு கிண்ணம் போலக் குழிந்திருந்தால் எலும்புத்தூள் வைத்துப் பார்க்கலாம். கரைந்தது முழுக்கத் திரும்பும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். மேலும் கரையாமல் நிறுத்துவதுதான் முதல் குறி.

இம்ப்ளான்ட்டே அசைந்தால் எடுப்பதுதான் வழி. கேப் மட்டும் ஆடினால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அதை முறுக்கினால் போதும். பாதிக்கு மேல் எலும்பு போயிருந்தாலும் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டிவரும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டம் வந்ததாகத் தெரியவில்லை.

அதுவரை ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடாதீர்கள். அங்கேதான் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள், கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். மரை வெளியே தெரியும் இடத்தில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் வேண்டாம், இழை பிய்ந்து சொரசொரப்பில் சிக்கிக்கொள்ளும். எந்த அளவு பிரஷ் உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே வாயில் விட்டுக் காட்டட்டும்.