சிறப்பு மாவட்டம் என்றாலே மாணவர்களுக்குச் சலிப்பா?

கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு), நகராட்சி வரை கவனிக்கும் மாணவர்கள், அமெரிக்காவின் சிறப்பு மாவட்டங்கள் (குறிப்பிட்ட பணிகளுக்காக அமைக்கப்படும் தனி உள்ளாட்சி அமைப்புகள்) என்றதும் தூங்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரையறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு மாதிரி சொத்துவரி ரசீதைக் கொடுங்கள். பல மாநிலங்களில் நூலகம், தீயணைப்பு, ஏன், கொசு ஒழிப்புக்குக்கூட தனி வரி இருக்கும். இதை விதித்தது யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று தேடச் சொல்லுங்கள். 2017 கணக்கெடுப்பில் இத்தகைய அமைப்புகள் 38,542, நகராட்சிகளைவிட அதிகம்.

அடுத்து ஃப்ளோரிடாவின் ரீடி கிரீக் என்ற சிறப்பு மாவட்டம். 1967இல் டிஸ்னி நிறுவனத்தின் நிலத்துக்காக உருவானது. சாலை, வடிகால், தீயணைப்பு எல்லாம் அதன் பொறுப்பு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தவர்கள் நில உரிமையாளர்கள், அதாவது பெரும்பாலும் டிஸ்னியே! 2023இல் அந்த நியமன அதிகாரம் ஆளுநரிடம் போனது. எது சரி என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க விடுங்கள்.