71-ஆவது ஹைலேண்டர் படை எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹைதர் அலி காலத்துப் போர்களைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1780-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புள்ளலூரில் '71-ஆவது ஹைலேண்டர்' வீரர்கள் செத்தார்கள், மிச்சம் பேர் பிடிபட்டார்கள் என்று ஒரு நூலில் இருக்கிறது. இன்னொரு நூலில் அதே 71-ஆவது படை 1776 முதல் அமெரிக்காவில் போரிட்டதாகவும், அதில் ஒரு பகுதி 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்ததாகவும் இருக்கிறது. ஒரே படை எப்படி இரண்டு கண்டங்களில் இருக்க முடியும்? இவையெல்லாம் வழிவழியாக வந்த குலப்படைகள் என்கிறார்களே, அது உண்மையா?

எஸ்., காஞ்சிபுரம்

அன்புள்ள எஸ்.,

இரண்டு நூலும் சரிதான், படைகள்தான் வேறு. ஹைலேண்டர் என்றால் ஸ்காட்லாந்து மலைநாட்டார். அவர்களைக் கொண்டு பிரிட்டிஷ் அரசனுக்காகத் திரட்டிய, எண் இட்ட ரெஜிமெண்டுகள் இவை. அமெரிக்காவுக்குப் போனது சைமன் ஃப்ரேசர் 1775-ல் திரட்டிய 71. புள்ளலூரில் நின்றது மெக்லியட் பிரபு திரட்டிய படை. அன்றைக்கு அதன் எண் 73. ஃப்ரேசரின் படை 1783-ல் கலைக்கப்பட்டதால் 71 காலியானது. 1786-ல் அதைத் தூக்கி மெக்லியட் படைக்குக் கொடுத்தார்கள். பின்னால் வரலாறு எழுதியவர்கள் பழைய சண்டைக்கும் புது எண்ணையே போட்டுவிட்டார்கள். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

78-ஆவது கதை இதைவிட மோசம். அதே ஃப்ரேசர் 1757-ல் திரட்டி, 1759-ல் கியூபெக்கில் சண்டையிட்டு, 1763-ல் கலைந்தது ஒரு 78. ஸீஃபோர்த் பிரபு 1778-ல் திரட்டியது இன்னொரு 78. அது 1786-ல் 72 ஆனது. 1793-ல் மெக்கன்ஸி ஒருவர் திரட்டியது மூன்றாவது 78.

போர் வந்தால் திரட்டுவது, சமாதானம் வந்தால் கலைத்து வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் அன்றைய வழக்கம். திரட்டியவர்களுக்கும் அவரவர் கணக்கு இருந்தது. ஃப்ரேசரின் தகப்பனார் லொவாட் பிரபு, பிரிட்டிஷ் அரசனுக்கு எதிரான 1745 கிளர்ச்சிக்காக 1747-ல் லண்டன் கோபுரத்தருகே தலை வெட்டப்பட்டவர். சொத்தெல்லாம் பறிமுதல். மகன் அரசனுக்கு ஆள் திரட்டிக் கொடுத்து, 1774-ல் நிலங்களைத் திரும்ப வாங்கிவிட்டார். மெக்லியட்டும் அதே கிளர்ச்சியில் பிடிபட்டு, மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் படையில் பல வருஷம் வேலை பார்த்தவர். 1777-ல் ஊர் திரும்பி ஆள் சேர்த்தார். 1784-ல் குடும்பச் சொத்து கைக்கு வந்தது. விசுவாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை நான் பேரம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் சில படைகள் மட்டும் எப்படி நிலைத்தன? என் கணிப்பில், முக்கியமான காரணம் உங்கள் பக்கத்து மண். மெக்லியட் படைக்கு இரண்டு பட்டாலியன்கள், அதாவது பெரும் பிரிவுகள். ஒன்று ஜிப்ரால்டர் முற்றுகையில் இருந்தது. அமெரிக்கப் போர் முடிந்ததும் 1783-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இன்னொன்று 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. மைசூர்ப் போர் 1784 வரை இழுத்தது, அதனால் அது தப்பியது. ஒரே பிரபு, ஒரே சீருடை. கப்பல் எந்தத் திசையில் போனது என்பதுதான் வித்தியாசம். ஸீஃபோர்த் படையும், 42-ஆவது படையின் இரண்டாம் பட்டாலியனும் இதே மாதிரி இந்தியாவில் இருந்ததால் பிழைத்தவை.

இந்தியாவுக்கு வர மறுத்தவர்களும் உண்டு. 77-ஆவது அதோல் ஹைலேண்டர்களை, போர் முடிந்தால் விடுவிப்போம் என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள். 1783 ஜனவரியில் போர்ட்ஸ்மத்தில் நிறுத்தி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுங்கள் என்றார்கள். ஏற முடியாது என்று கலகம் செய்தார்கள், விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது, கடைசியில் படையைக் கலைத்தார்கள். நியாயம் வீரர்கள் பக்கம்தான். ஸீஃபோர்த் ஆட்களும் 1778-ல், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தங்களை விற்றுவிட்டார்கள் என்று வதந்தி கேட்டு, சம்பளப் பாக்கியும் சேர, எடின்பரோவின் ஆர்தர் ஸீட் மலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஊர் ஜனங்கள் சோறு கொடுத்தார்கள். அவர்கள் சமாதானமாகி 1781-ல் கப்பல் ஏறினார்கள். பிரபுவே வழியில் இறந்தார். இருநூறு பேருக்கு மேல் சென்னையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் ஸ்கர்வி நோயில்.

புள்ளலூருக்கு மெக்லியட் படை முழுவதும் வரவில்லை. காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த ஆங்கிலத் தளபதி மன்றோ, தன்னோடு சேர வந்துகொண்டிருந்த இன்னொரு தளபதி பெய்லிக்கு உதவியாக ஃப்ளெட்சர் தலைமையில் அனுப்பியவர்களில் இந்தப் படையின் இரண்டு கம்பெனிகள் (பட்டாலியனின் சிறு பிரிவுகள்) மட்டும் இருந்தன. 1780 செப்டம்பர் 10 அன்று அவை ஏறக்குறைய அழிந்தன. காயத்தோடு பிடிபட்ட டேவிட் பேர்ட் என்ற கேப்டன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறையிருந்தார். கைதிகளைச் சங்கிலியில் ஜோடி ஜோடியாகப் பிணைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவர் தாயார், "எங்க டேவியோட கட்டுப்பட்டவன் பாவம்" என்றாராம். மகனின் கோபம் தாய்க்குத் தெரியாதா!

குலப்படை என்பது பாதி உண்மை. மெக்லியட்டின் முதல் ஆள்சேர்ப்பில் மலைநாட்டார் 840 பேர். தாழ்நில ஸ்காட்லாந்துக்காரர் 236, ஆங்கிலேயரும் அயர்லாந்துக்காரருமாக 34 பேர். மலைநாட்டுக்கு வெளியிலிருந்தும் ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1809-ல் ஆறு ஹைலேண்டர் படைகளிடமிருந்து கில்ட் என்ற மலைநாட்டுப் பாவாடை உடையைப் பறித்தார்கள். 72, 73, 74 மூன்றும் அதில் அடக்கம். தகப்பன் மகன் தொடர்ச்சி என்பதெல்லாம் பெரும்பாலும் காகிதத்தில்தான். 1881-ல் 71-ஐயும் 74-ஐயும் சேர்த்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆக்கினார்கள். 1959-ல் அதை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூஸிலியர்ஸ் படையோடு இணைத்தார்கள். 2006-ல் எல்லாம் ஒரே ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுக்குள் பட்டாலியன்களாகிவிட்டன.

தேடும்போது இன்னொரு இடத்திலும் தடுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1799-ல் பேர்ட் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியபோது உடன் போன படைகளில் '73-ஆவது' என்று ஒன்று வரும். புள்ளலூர் ஆட்கள் பழி தீர்க்க வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நான் சொன்ன 42-ஆவது படையின் இரண்டாம் பட்டாலியன். எண் மாறி 73 ஆனது. மெக்லியட் படை அதற்குள் ஊர் திரும்பிவிட்டது. 1786-க்கு முந்தைய எதையும் எண்ணை வைத்துத் தேடாமல், திரட்டியவர் பெயரை வைத்துத் தேடுங்கள்.

அன்புடன்