பிள்ளைகள் ஏன் உங்கள் மயிலையே வரைந்தார்கள்?

கேள்வி: கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு, காரைக்குடியில் வீட்டோடு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பக்கத்து ஊரில் ஒரு பழைய நகரத்தார் வீட்டைத் தனியார் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரும்போது ‘டீச்சிங் ஆர்ட்டிஸ்ட்’டாக வந்து ஏதாவது செய்யுங்கள் என்று கூப்பிட்டார்கள். போன மாதம் முதல் தடவை. ஏழாம் வகுப்பு, 45 பேர். நிலைக்கதவில் செதுக்கியிருந்த மயிலைப் போர்டில் வரைந்து காட்டி, போஸ்டர் கலர் கொடுத்தேன். எல்லாரும் என் மயிலை அப்படியே வரைந்தார்கள். கதவை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டாலையின் (கூடத்தின்) தரையில் நீலம் கொட்டியதில் கறை இன்னும் போகவில்லை. மேலாளர் முகம் சரியில்லை, ஆனாலும் இன்னொரு வாய்ப்புத் தருகிறார். எப்படிச் செய்வது? எவ்வளவு கேட்பது? அரசு அருங்காட்சியகங்களில் இந்த வேலைக்கு வழி உண்டா?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் கறை. செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் போடும் ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டதல்ல. சிமெண்ட், மணல், நிறப்பொடி சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைப்பது. மேலே பீங்கான் பூச்சு எதுவும் கிடையாது. அதனால் சிந்திய நிறம் நுண்துளை வழியே உள்ளே இறங்கிவிடும். யாராவது ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள், எலுமிச்சம்பழம் என்பார்கள். இரண்டும் வேண்டாம். புளிப்பு பட்டால் சிமெண்ட் அரித்து, அந்த ஒரு கல் மட்டும் என்றைக்கும் மங்கலாக நிற்கும். கறையைவிட அதுதான் கண்ணை உறுத்தும். மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து, அதற்கு மேல் போகாததை விட்டுவிடுங்கள்.

இனிமேல் முகப்பு, பட்டாலை, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) மூன்றிலும் பென்சிலும் கலர் பென்சிலும் மட்டும்தான். பேனா, ஸ்கெட்ச், தண்ணீர்க் கிண்ணம் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆயில் பேஸ்டல் பாதுகாப்பானது என்று தோன்றும். செருப்பைக் கழற்றிவிட்டு வரும் பிள்ளைகள் உதிர்ந்த துணுக்கை மிதித்து, அறைக்கு அறை கோடு இழுத்துவிடுவார்கள். பென்சிலை வெளியிலேயே சீவி வையுங்கள். தலைக்கு ஒன்று, உபரியாகப் பத்து. வண்ணம் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டாங்கட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, அங்கே மட்டும். செய்ததைச் சுவரில் செலோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல்தோல் டேப்போடு உரிந்து வரும். கொடி கட்டி, துணி கிளிப்பில் மாட்டினால் போதும்.

அடுத்து, மயில். நீங்கள் போர்டில் வரைந்த நொடியிலேயே கதவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. டீச்சர் வரைந்ததே ‘சரியான விடை’ என்று பள்ளி அவர்களைப் பழக்கியிருக்கிறது. பிள்ளைகள் மேல் பிழையில்லை. முடித்த மாதிரியைக் காட்டாதீர்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் முதலில் கைவர வேண்டியது. கை ஓடும் ஓவியருக்குக் கடினமானதும் அதுதான். வழிகாட்டி தகவல் சொல்வார், ஓவிய ஆசிரியர் கைப்பழக்கம் சொல்லிக்கொடுப்பார். உங்களைக் கூப்பிட்டது இரண்டுக்கும் அல்ல. சாதாரணமாக ஒரு பொருளைப் பத்து விநாடி பார்க்கிற பிள்ளையைப் பத்து நிமிடம் பார்க்க வைப்பதற்கு. வரைவது அதற்கு ஒரு கருவி, அவ்வளவே.

அதே நிலைக்கதவில் இப்படிச் செய்து பாருங்கள். தபால் அட்டை அளவு அட்டையில் 3 செ.மீ.க்கு 4 செ.மீ. ஓட்டை வெட்டி ஆளுக்கொன்று கொடுங்கள். ஒரு கண்ணை மூடி, ஓட்டை வழியாகக் கதவின் ஒரு மூலையை மட்டும் பிடிக்கட்டும். மேலே கஜலட்சுமி இருக்கும் நிலைக்கு இது மிகவும் தேவை. சின்னப் பிள்ளைக்கு அந்த உயரத்தில் எல்லாம் ஒரே குழப்பமாகத்தான் தெரியும். பிறகு இரண்டு நிமிடம் தாளைப் பார்க்காமலே வரையச் சொல்லுங்கள். கண் கதவிலேயே இருக்க, கை தானாகப் போகட்டும். எல்லாருடையதும் கோணலாக வரும். அதனால் ‘எனக்கு வரைய வராது’ என்கிற பிள்ளையின் பயம் போய்விடும்.

அதன் பிறகு பேச்சு. அபிகெயில் ஹவுசன் என்ற ஆய்வாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்வித் துறையை நடத்திய பிலிப் யெனவைனும் வகுத்த மூன்று கேள்விகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவதுதான் உயிர். கேட்டுவிட்டு மனத்துக்குள் எட்டு வரை எண்ணுங்கள். மூன்றிலேயே வாய் திறந்தால், முந்திரிக்கொட்டைப் பிள்ளைகள் நாலு பேர் மட்டுமே கடைசிவரை பேசுவார்கள். ஆனால் அந்த முறைக்காரர்களைப் போல் தகவலே சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ‘இந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது’ என்பதைப் பிள்ளை மரத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்கும்போது சொன்னால் நிற்கும்.

அடுத்த தடவைக்கு ஒரு முழு வகுப்பே தருகிறோம். காசும் குறைவு, காலடியிலேயே பாடம் கிடக்கிறது. பட்டாலைத் தரையில் பிள்ளைகளை உட்காரவைத்து, ‘ஒரு கல் எங்கே முடிகிறது? விரலால் இணைப்பைத் தடவிக் காட்டு’ என்று கேளுங்கள். முழுப் பூதான் ஒரு கல் என்று நினைத்திருப்பார்கள். பல தரைகளில் நான்கு கற்களின் மூலைகள் கூடும் இடத்தில்தான் பூவின் நடு இருக்கும். அதை விரல் கண்டுபிடிக்கும் வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

45 பேரை இரண்டு பாதியாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 22, 23 பிள்ளைகள் வருவார்கள். ஒரு பாதிக்கு 25 செட் வெட்டிக்கொள்ளுங்கள். ஏ4 தாளில் 20 செ.மீ. சதுரம் ஒன்று வரும், 25 தாள். ஏ4 டிரேசிங் தாளில் 10 செ.மீ. சதுரம் நான்கு வரும், 7 தாள். பிள்ளைகளை வெட்டவிட்டால் சதுரம் கோணி, பின்னால் எதுவும் சேராது. நீங்களே ஸ்டீல் ஸ்கேல் வைத்து வெட்டிவிடுங்கள். பெரிய தாளை நான்காக மடித்து விரித்துக் கொடுக்க வேண்டும்.

டிரேசிங் சதுரத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் மூலையிலிருந்து 3 செ.மீ., 7 செ.மீ. என்று இரண்டு புள்ளி, ஆக எட்டு. உள்ளே எதை வரைந்தாலும் சரி, எட்டுப் புள்ளியிலும் ஒரு கோடு வந்து முட்டியிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கோடு அந்தரத்தில் தொங்கலாம். ஒரு மூலையில் பெயரின் முதல் எழுத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்லாதீர்கள். மென்மையான 6பி பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளின் ஒரு கட்டத்தில் கவிழ்த்து, ஸ்பூன் முதுகால் தேய்க்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளட்டும். நகர்ந்தால் இரட்டைக் கோடு விழும். எடுத்து, கால் சுற்றுத் திருப்பி, அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டும். இரண்டு தேய்ப்புக்குப் பின் கோடு வெளுக்கும், மேலே மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். நான்கும் முடிந்ததும் நடுவில் யாரும் வரையாத ஒரு பூ நிற்கும்.

அப்போதுதான் ஒரு பிள்ளை கத்தும்: ‘மிஸ், என் எழுத்து திரும்பிக்கிச்சு!’ டைல்ஸ் செய்வதைச் சொல்ல அதுதான் நேரம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையும் பிறகு ஈரக் கலவையும் போடுகிறார்கள். நாம் மிதிக்கும் முகம் வேலை நடக்கும்போது கீழே கிடக்கிறது. அதனால் இடம் வலமாகிறது. பூவென்றால் தெரியாது, எழுத்தென்றால் காட்டிக்கொடுக்கும். கடைசியில் மூன்று கலர் பென்சில் மட்டும் கொடுத்து, கோடுகள் அடைத்த ஓர் அறைக்கு ஒரு நிறம். ஆத்தங்குடிப் பக்கத்துப் பள்ளியென்றால் அப்பா டைல்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளை ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். எழுப்பி நிறுத்தி அறிமுகம் செய்யாதீர்கள். தானாகப் பேசினால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

45 பேரை ஒரே நேரத்தில் யாராலும் நடத்த முடியாது. பாதிப் பேர் உங்களோடு, பாதிப் பேர் வழிகாட்டியோடு, 40 நிமிடத்தில் மாற்றிக்கொள்ளட்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பள்ளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வளவில் குரல் எதிரொலிக்கும், கத்தினால் கூடும். கையைத் தட்டாமல், அருகில் போய்த் தணிந்து பேசுங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் வளவு முற்றத்தில் கால் வைக்க முடியாது.

இன்னொன்று. பூட்டிய அறையைப் பார்த்து ‘உள்ளே என்ன?’ என்று கட்டாயம் கேட்பார்கள். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை என்று சொல்லிவிடலாம். ஆனால் பங்காளிகள் எத்தனை பேர், யார் அனுமதி எதற்குப் போதும் என்பதை மேலாளரிடம் கேட்டு வையுங்கள். ஒருவர் சரியென்ற இடத்தை இன்னொருவர் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டால், பள்ளிப் பேருந்து வாசலில் நிற்கும்.

அதனால்தான் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள்; பேசினால் கூட்டத்தைக் கூட்டத்தான் ஆசை வரும். வகுப்பு ஒன்றரை மணிக்குள் முடிந்தாலும் வெட்டுவது, பரப்புவது, கூட்டிப் பெருக்குவது சேர்ந்து அரை நாள் போகும். உங்கள் வீட்டு வகுப்பில் அரை நாளுக்கு என்ன வருகிறதோ அதற்குக் குறையாமல் கூலி. பொருள் செலவு தனி, போக்குவரத்து தனி. வகுப்புக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் ரத்தானால் பாதிக் கூலி. அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள், பிள்ளைகளின் போட்டோவுக்குப் பள்ளியிடம் யார் சம்மதம் வாங்குவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

அரசு அருங்காட்சியகத்தில் இந்தப் பெயரில் பணியிடம் தேடி அலைய வேண்டாம். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி போகிற வேலை இது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலும் சிவகங்கையிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. காப்பாட்சியருக்கு ஒரு பக்கக் கடிதமும், செய்து பார்த்த ஒரு வகுப்பின் படங்களும் கொடுங்கள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் கட்டடமே செட்டிநாட்டு வீட்டு அமைப்பில்தான் இருக்கிறது. அங்கே பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ போன்ற பெயர்களை வைத்தே ஒரு வகுப்பு எடுக்கலாம். சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் உள்ள செட்டிநாட்டு வீட்டில் பள்ளிக் கூட்டத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

கடிதத்தில் தேதியோடு கேளுங்கள். மே 18 அருங்காட்சியக தினம், ஆனால் பள்ளிகள் விடுமுறை. நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அதைப் பிடியுங்கள், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். நவம்பரில் மழை இருக்கும். பழைய வீடென்றால் வளவு நனையும், அதனால் பட்டாலையிலேயே முடிகிற மாதிரி திட்டம் போடுங்கள். வாசலில் கால் துடைக்க நாலைந்து சாக்கும் வேண்டும்.